பார்த்து வரைந்தால் காப்பியா?

நிஜமான ஓவியர் எதையும் பார்த்து வரைய மாட்டார், எல்லாம் மனசிலிருந்தே கைக்கு இறங்கும், பார்த்து வரைவது ஈயடிச்சான் காப்பி: ஓவியம் பழக வருகிறவர்களிடம் வேரோடிப்போன நம்பிக்கை இது. இதை நம்பி வெறும் தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாலே நாளில் ‘நமக்கு வராது’ என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். பெயரெழுதத் தெரிந்த கைக்குக் கோடு இழுக்கும் தெம்பு தாராளமாக இருக்கிறது. கண் பார்த்ததை, மூளை தனக்குத் தெரிந்ததை வைத்துத் திருத்திவிடுவதுதான் சிக்கல்.

ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பார்க்காமல் வரையச் சொன்னால், பழகாதவர் பெரும்பாலும் வாயை நீள்வட்டமாகவும் அடியை நேர்க்கோடாகவும் போடுவார். அடி தட்டையானது என்று தெரியுமே, அந்த அறிவு கோட்டை நேராக்கிவிடுகிறது. அதே டம்ளரை மேசையில் வைத்து உட்கார்ந்தபடி பாருங்கள். அடிவிளிம்பும் வளைந்தே தெரியும்; கண் மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால், அதன் அகலத்துக்கு வாய்விளிம்பைவிடக் கூடுதலாகவே வளைந்திருக்கும். முகத்திலும் இதே கதைதான். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நட்டநடுவில் இருக்கின்றன கண்கள். நெற்றியில் பார்க்க என்ன இருக்கிறது என்று அதைக் குறுக்கி, கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம். எவ்வளவு கற்பனை இருந்தாலும் இந்தப் பிழைகள் திருந்தாது. முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளந்து பார்த்தால் திருந்தும். தப்பான கோட்டை உடனே அழிக்கவும் வேண்டாம். சரியான கோட்டை அதன் பக்கத்தில் போட்ட பிறகு ரப்பரை எடுத்தால் போதும்.

பொருளைப் பார்க்கலாம், அடுத்தவர் படத்தைப் பார்த்தால் சொந்தப் பாணி கெட்டுவிடாதா என்பார்கள். வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். சார்லஸ் பார்க் தொகுத்த பயிற்சிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்தார். ஓவியர் மில்லேயின் உழவர் படங்களையும் விடவில்லை. 1882இல், காட்சியை அளந்து வரைய ஒரு சட்டமே செய்வித்துக்கொண்டார். கடைசிக் காலத்தில் மறுபடி மில்லேயை எடுத்துத் தன் வண்ணங்களில் தீட்டினார். அவருக்குப் பாணி இல்லை என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

நம் ஸ்தபதிகள் ஆளை முன்னால் நிறுத்தியா விக்கிரகம் செய்கிறார்கள் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நிறுத்துவதில்லைதான். ஆனால் உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரம் அங்குலம் எனப்படும் 124 சம பங்குகளாகப் பகுக்கப்பட்டு, முகத்துக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்று கணக்கு இருக்கிறது. மனசிலிருந்து வருவதாகத் தோன்றுவது, பல வருஷம் பழகி ஏற்றிக்கொண்ட அளவு. அந்த விக்கிரகங்களை ‘ஆனந்த விகடன்’ வாசகர்களுக்குக் கொண்டுவந்த ஓவியர் சில்பியோ, கோயிலிலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தவர்.

போட்டோவின் மேல் தாளை வைத்து அப்படியே கோடெடுப்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே கண்ணுக்கு அளக்கிற வேலையே இல்லை. மற்றபடி யார் படத்தையும் பார்த்துப் பழகலாம். ஓரத்தில் அவர் பெயரைக் குறித்துவையுங்கள். பெயரை மறைத்துத் தன்னுடையது என்று காட்டினால்தான் அது திருட்டு.