அணைய மறுக்கும் பொறி

தீப்பெட்டிக்குப் பெயர்போன கோவில்பட்டியில் பொறியின் ஆபத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடகிழக்கே, கமுதியில், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. இப்போது கரிசல் காட்டுக் கிணறுகளிலும் சூரியப் பலகைகளால் இயங்கும் பம்பு செட்டுகள். சிலர் அவற்றில் வீட்டு எம்.சி.பி.யையே மாட்டிவிட்டு, "ஆம்பியர் சரிதானே சார்?" என்கிறார்கள். ஆம்பியர் சரி, வில்லை அணைப்பது யார்?

வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியாகிறது. தொடுமுனைகள் பிரியும்போது எழும் மின்வில் அக்கணத்தில் அணைந்துவிடும். பலகை தரும் நேர்மின்னோட்டத்தில் சுழி ஏது? வில் எரிந்துகொண்டே இருக்கும், செம்பும் உருகும். வெயில் உள்ளவரை பலகையையும் நிறுத்த முடியாது.

ஆகவே டி.சி. பிரேக்கரில் ஒரு காந்தம் வைக்கிறார்கள். பிளெமிங்கின் இடக்கை விதி நினைவிருக்கிறதா? கம்பியைத் தள்ளும் அதே விசை வில்லை உலோகத் தகடுகளின் அடுக்கினுள் விரட்டுகிறது. அங்கே வில் பல துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் நிலைக்கச் சுமார் 20, 30 வோல்ட் வேண்டும். துண்டுகள் 20 ஆனால்? பெருக்கிப் பாருங்கள். அத்தொகை பலகைகளின் மின்னழுத்தத்தை மிஞ்சியதும் வில் அணைகிறது.

நிலைகாந்தம் கொண்ட பிரேக்கரில் நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தால் விசையும் திசை மாறும். வில் தகடுகளை விட்டு எதிர்ப்புறம் ஓடும். அதனால்தான் அதன் மேல் + , – குறிகளைப் பொறித்திருக்கிறார்கள்.