முள்ளங்கியைத் தின்றது யார்?

தில்லியில் தரைத்தளத்தில் வீடு அமைவதே அபூர்வம். பின்புறம் இருபதுக்குப் பன்னிரண்டு அடி மண்ணும் சேர்ந்து கிடைத்தால் அதைச் சிமெண்ட் போட்டு மூட மனம் வருமா? ரயில்வே பொறியியல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக அந்தத் துண்டு நிலத்தில்தான் என் காலைப் பொழுது கழிகிறது. குளிர்காலத்தில் முள்ளங்கி, கேரட், உருளைக்கிழங்கு. கோடையில் வெண்டையும் கத்தரியும்.

ஒரு ஜனவரி மாதக் காலையில் முள்ளங்கிச் செடி ஒன்று வாடிச் சாய்ந்து கிடந்தது. பிடித்து இழுத்தேன். தழை மட்டும் கையோடு வந்தது, கிழங்கைக் காணோம்! பக்கத்தில் புது மண் குவியல் ஒன்று. ஒரு வாரத்தில் பாதிப் பாத்தி காலி.

"பாபுஜி, இது கூஸ்" என்றார் மாலி. இந்தியில் லஞ்சத்துக்கும் பெருச்சாளிக்கும் ஒரே பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் அடியில் குடைபவை. பொருத்தமான பெயர்தான்!

இங்கிலாந்தில் இருக்கும் என் மகனோ தொலைபேசியில், "அப்பா, அது மோல். இங்கே எல்லாத் தோட்டத்திலும் உண்டு. விளக்கெண்ணெய் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள்" என்றான். என் மனைவி, "அந்தி நேரத்தில் சுவர் ஓரமாக மூஞ்சூறு ஓடுவதைப் பார்த்தேனே" என்றாள். ஆக, குற்றவாளிக் கூண்டில் மூன்று பேர். முதலில் விசாரணை, பிறகுதான் தண்டனை.

மோல் என்னும் அகழெலி நம் நாட்டில் டார்ஜிலிங், சிக்கிம் போன்ற கிழக்கு இமயமலைப் பகுதிகளில் உண்டு; தில்லியில் கிடையாது. தவிரவும் அதன் உணவு மண்புழுவும் பூச்சியும். கிழங்கை அது தொடாது.

மூஞ்சூறு எலி இனமே அன்று. கரப்பான், புழு, பூச்சிகளைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் பிராணி. வீச்சம் அடிக்கும் என்பது தவிர அதன்மேல் வேறு குற்றம் இல்லை. பிள்ளையாரின் வாகனம் நிரபராதி என்று தீர்ப்பானதில் என் மனைவிக்குப் பரம திருப்தி.

மிஞ்சியது பெருச்சாளி இனம். அதில் சிறிய வகைதான் நம் தஞ்சை வயல்களில் நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும் வரப்பெலி. மூன்றே வாரத்தில் குட்டி போடும். ஒரே ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் சர்வ சாதாரணம். வளைக்குப் பல வாசல்கள். உள்ளே இருக்கும்போது வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். நான் பார்த்த புது மண் குவியல் அதுதான்.

எலி குடியிருக்கும் வளை எது என்று அறிய எளிய வழி உண்டு. மாலையில் எல்லா ஓட்டைகளையும் மண் போட்டு மூடுங்கள். மறுநாள் காலையில் எது திறந்திருக்கிறதோ அதில் ஆள் இருக்கிறது. என் தோட்டத்தில் ஏழில் மூன்று திறந்திருந்தன.

இனித்தான் முக்கியமான விஷயம். தெரிந்தவர் ஒருவர், கோதுமை டிரம்மில் போடும் மாத்திரை இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். "வளைக்குள் போட்டு மூடிவிடுங்கள், ஒரே இரவில் தீர்ந்தது" என்றார். வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் வளை எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் செய்ய என் தொழில் பழக்கம் இடம் கொடுக்கவில்லை. நம் பக்கத்து இருளர்கள் செய்வதுபோல் முதலில் புகை போட்டுப் பார்ப்போம் என்று, ஓட்டையிட்ட பழைய மண்பானையில் ஈர வைக்கோலை மூட்டி வளைக்குள் ஊதினேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் மாமியார் படுத்திருக்கும் அறையில், கட்டிலுக்கு அடியில், தரை விரிசலிலிருந்து புகை வருகிறதாம்!

எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பொதுமக்களுக்கு அதை விற்கவே கூடாது என்பது விதி. புகை போன வழியில் அன்றிரவு அந்த வாயு போயிருந்தால்? 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நச்சால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். மாத்திரை தந்தவரை அழைத்து விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மற்ற விஷங்களும் உத்தமமல்ல. விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் பூனையும் சேர்ந்து சாகும். எலிக்கு இயற்கையான எதிரியே கூகைதான்!

பிறகு நான் செய்தது இதுதான்:

1. எலிப்பொறி. பெருச்சாளி புதுப் பொருளைக் கண்டால் அஞ்சும். ஆகவே முதல் மூன்று இரவுகள் பொறியை விசையேற்றாமல், தேங்காய்ச் சில்லும் நெய் தடவிய சப்பாத்தியும் வைத்துப் பழக்கினேன். நான்காம் இரவு விசையேற்றினேன். பத்து நாளில் நான்கு அகப்பட்டன. தஞ்சையில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டியும் வயலுக்கு நல்லது; குழந்தைகள் நடமாடும் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். பிடிபட்டதை வேறொருவர் வீட்டருகே விடுவது நம் தொல்லையை அவர் தலையில் கட்டுவதாகும். அந்தப் பொறுப்பை மாலி ஏற்றுக்கொண்டார். நான் விவரம் கேட்கவில்லை.

2. கம்பி வலை. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷைப் பாத்தியைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்கு இறக்கி, அடிப்பகுதியை ஓரடி வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். தோண்டிக்கொண்டு வரும் எலி மடிப்பில் முட்டித் திரும்பிவிடும். தரைக்கு மேலும் ஓரடி இருக்கட்டும்.

3. சுத்தம். சுவரோரம் குவித்திருந்த செங்கல், பலகை, காய்ந்த தழை எல்லாவற்றையும் அகற்றினேன். சாக்கடை மூடியைச் சரிசெய்தோம். பக்கத்து வீட்டுத் தரை விரிசலை அவர்கள் அனுமதியுடன் கான்கிரீட் போட்டு அடைத்தேன்.

இத்தனைக்கும் ரப்பர் கையுறை அவசியம். எலியின் சிறுநீர் பட்ட மண்ணால் எலிக்காய்ச்சல் வரும். காயம்பட்ட கையால் மண்ணைத் தொடாதீர்கள். காய்களை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

ரயில்வேயில் மண் கரையில் எலி வளையைக் கண்டால் சும்மா விடமாட்டோம். மழைநீர் அதில் புகுந்தால் கரையே சரியும். ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது; எலி ஏன் வந்தது, வளை எங்கே போய் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் தண்டவாளத்தில் கற்ற இந்தப் பாடம் ஒரு முள்ளங்கிப் பாத்தியில் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் முள்ளங்கி நன்றாக வந்தது. முதல் கட்டு பக்கத்து வீட்டு மாமியாருக்குப் போயிற்று. அன்று மாலை அங்கிருந்து சுடச்சுட முள்ளங்கிப் பராத்தா வந்தது.