மொழியும் மரியாதையும்

குருவிநத்தம் பகுதியில் வாழும் நமக்குப் பெண்ணையாறு புதியதன்று. ஒரு பக்கம் கரையை அரித்தும், மறுபக்கம் மணலைக் குவித்தும் அது தன் போக்கைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. மொழியும் அவ்வாறே. அது மாறுவதை அன்றாடம் நாம் உணர்வதில்லை. நூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், மூன்று ஊர்களின் வருவாய் இங்கிருந்த ஒரு கல்விச்சாலைக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. அதைக் கூறும் செப்பேடு நம் பாகூரை ‘வாகூர்’ என்று குறிக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் சன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகியவை போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொற்கள். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் நம் மண்ணைவிட்டு நீங்கிய பின்னரும் ‘கொம்யூன்’ என்ற சொல் நம்மிடம் நிலைத்துவிட்டது. எல்லையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்திற்குள் சென்றால் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்கிறார்கள். பேசும் மொழி ஒன்றே. கடந்து வந்த வரலாறு வேறு.

இவ்வாறு சொற்கள் வருவதும் போவதும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம். ஆனால் மொழிக்குள் மற்றொன்றும் மறைந்திருக்கிறது. ஒரு சமுதாயம் யாரை உயர்வாக எண்ணுகிறது, யாரைத் தாழ்வாக எண்ணுகிறது என்பதையும் அதன் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சிறிது ஆராய்வோம்.

‘நீ’ முதல் ‘நீங்கள்’ வரை

சங்க காலப் புலவர்கள் முடிமன்னரையும் ‘நீ’ என்றே விளித்துப் பாடினர். அதில் அவமரியாதை ஏதும் இல்லை. ஒருவருக்கு ‘நீ’, பலருக்கு ‘நீயிர்’ என்பதே அன்றைய முறை. எனினும் ஒருவரைப் பன்மையால் உயர்த்திச் சொல்லும் பழக்கம் தொல்காப்பியர் காலத்திலேயே தலைகாட்டிவிட்டது. அதைக் கண்ட தொல்காப்பியர், இது உலக வழக்கில் உள்ள உயர்வுச் சொல்லே தவிர இலக்கண நெறி அன்று என்று கூறுகிறார்.

ஆனால் வழக்கே வென்றது. பலரைக் குறித்த ‘நீர்’ மதிப்பிற்குரிய ஒருவரைக் குறிக்கலாயிற்று. பிறகு பலரைக் குறிக்கக் ‘கள்’ சேர்த்து ‘நீங்கள்’ என்ற சொல் பிறந்தது. காலப்போக்கில் அந்த ‘நீங்கள்’ என்பதும் ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாகிவிட்டது. ‘அவர்’, ‘அவர்கள்’ என்னும் சொற்களின் கதையும் இதுவே. மரியாதைச் சொல் பழகப் பழக அதன் பெருமை தேய்கிறது. மனிதர் மேலும் ஒரு படி கட்டுகின்றனர்.

நம் பக்கத்து அன்றாடப் பேச்சில் ‘நீர்’ ஏறக்குறைய மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழர் பேச்சில் அது இன்றும் ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் இடைப்பட்ட சொல்லாக வாழ்கிறது. நாமோ செபத்தில் அதைக் காத்து வருகிறோம். இறைவனை ‘உம்முடைய’ என்று அழைக்கும்போது ஒரு பழைய தமிழ் நம் நாவில் உயிர்பெறுகிறது.

பிற நாடுகளில்

பிரெஞ்சு மொழியிலும் ‘நீ’ என்பதற்குத் ‘து’ என்றும், ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-ஆம் ஆண்டில், அனைவரும் சமம் என்பதால் எல்லாரும் எல்லாரையும் ‘து’ என்றே அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தினர். அவ்வழக்கம் நெடுங்காலம் நிற்கவில்லை. ஆனால் கர்த்தர் கற்பித்த செபத்தில் இறைவனை ‘வூ’ என்று அழைத்து வந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கர், 1966-ஆம் ஆண்டு முதல் ‘து’ என்று அழைக்கின்றனர். தந்தையிடம் பிள்ளை பேசும் நெருக்கம் அச்சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலேயர் சென்றது நேர் எதிரான வழி. ஒருமைக்குரிய ‘தௌ’ என்ற சொல் பொதுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்து, பன்மைக்குரிய ‘யூ’ எல்லாருக்கும் பொதுவாயிற்று. புரட்சிக்காரர் எல்லாரையும் ‘நீ’ என்று கீழே இறக்கிச் சமன் செய்ய முயன்றனர்; ஆங்கிலமோ எல்லாரையும் ‘நீங்கள்’ என்று மேலே ஏற்றிச் சமன் செய்தது எனலாம்.

சேரி என்னும் சொல்

பழந்தமிழில் ‘சேரி’ என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்றே பொருள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர் ஊராகிய அவ்வூரிலேயே 12 சேரிகள் இருந்ததைக் கூறுகிறது. அச்சொல் பின்னாளில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை மட்டும் குறித்து, இழிவுப் பொருளையும் சுமக்கலாயிற்று. சொல் ஒரு பாவமும் செய்யவில்லை. மனிதரை ஒதுக்கிய மனமே அச்சொல்லையும் ஒதுக்கியது. நம் மாநிலத்தின் பெயராகிய புதுச்சேரியைச் சொல்லும்போது யாருடைய முகமும் சுளிப்பதில்லையே! அதே சொல்லை மக்கள் வாழும் ஒரு தெருவுக்குச் சொல்லும்போது மட்டும் ஏன் குரல் மாறுகிறது? எண்ணிப் பார்க்க வேண்டும்.

வந்தாரும் வந்தாளும்

இனி நம் வீட்டுக்குள் வருவோம். “அப்பா வந்தார்” என்கிறோம். “அம்மா வந்தாள்” என்றோ, பேச்சில் “அம்மா வந்துச்சு” என்றோ சொல்லும் வீடுகள் பல. “தம்பி வந்தான், பாப்பா வந்துச்சு” என்பதும் நாம் நாள்தோறும் கேட்பதே. இதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் அப்பாவுக்கு அன்போடு ‘ஆர்’ விகுதியும் கிடைக்கிறது. அம்மாவுக்கு அன்பு மட்டுமே கிடைக்கிறது.

இந்த வழக்கம் மாறக்கூடியதே என்பதற்கு நம் திருச்சபையே சான்று. 1963-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் தாய்மொழிக்கு வழி திறந்தது. அதன் பின் ‘பூசை’ திருப்பலி ஆயிற்று. ‘ஞானஸ்நானம்’ திருமுழுக்கு ஆயிற்று. மங்கள வார்த்தை செபத்தின் பழைய வடிவில் அன்னை மரியாளைக் குறித்த சொல் ‘அவள்’ என முடிந்தது. இன்றைய வடிவில் ‘அவர்’ என முடிகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில், தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணும் ‘வந்தாள்’ அல்லர், ‘வந்தார்’. ஊராரால் ஒதுக்கப்பட்டவளாகக் கருதப்படும் அப்பெண்ணிடம் ஆண்டவர் தாமே தண்ணீர் கேட்டார் அல்லவா? அந்த மதிப்பு இப்போது இலக்கணத்திலும் ஏறிவிட்டது.

நாம் செய்யத்தக்கது

அப்படியானால் ‘நீ’ என்பது தீய சொல்லா? இல்லை. தாயை ‘நீ’ என்கிறோம், தோழியை ‘நீ’ என்கிறோம். அவர்களும் நம்மை அவ்வாறே அழைக்கிறார்கள். ஆனால் வயலில் நாற்று நடும் அறுபது வயது ஆயாவை, நில உடைமையாளர் வீட்டுச் சிறுமி “இங்கே வா” என்று அழைக்கிறாள். அந்த ஆயா அவளை அவ்வாறு அழைக்கத் துணிவாரா? குப்பை அள்ள வருபவரை நாம் அழைக்கும் சொல்லால் அவர் நம்மைத் திரும்ப அழைக்க முடியுமா? முடியுமானால் அது உறவு. முடியாதெனில் அது ஆணவம். ஒரு சொல் அன்பைக் குறிக்கிறதா, இகழ்ச்சியைக் குறிக்கிறதா என்று அறிய இதைவிட எளிய உரைகல் இல்லை.

மொழியை மாற்றுபவர்கள் புலவர்கள் மட்டுமல்லர். நாள்தோறும் பேசும் நாமே அதை மாற்றுகிறோம். தொல்காப்பியர் இலக்கணம் அன்று எனக் கூறிய வழக்கை மக்கள் இலக்கணம் ஆக்கினர். ஆகவே மாணவியரே, இன்று மாலை வீடு திரும்பியதும் “அம்மா வந்தாங்க” என்று சொல்லிப் பழகுவோம். தெருவைத் தூய்மை செய்பவரை “வாங்க” என்று அழைப்போம். பெற்றோரும் பெண் பிள்ளைகளின் முன் இவ்வாறே பேசினால், பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வர். ஆங்கிலம் எல்லாரையும் ஒரே சொல்லால் உயர்த்தப் பல நூற்றாண்டுகள் ஆயின. நம் ஊரில் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.