பெரிய கொடையும் சிறிய காணிக்கையும்

வேதபாடம்
வாசிக்க: நெகேமியா 2:1-9, 1 கொரிந்தியர் 16:1-4, 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள்



பண்ருட்டியில் பெண்கள் ஐக்கியக் கூட்டமொன்றில் மிஷன் மருத்துவமனைகளுக்காக ஜெபித்து, காணிக்கை எடுத்தோம். கூட்டம் முடிந்ததும், முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். அவருடைய விரல்கள் முந்திரிப்பால் பட்டுக் கறுத்திருந்தன. "ஐயா, பெரிய பெரிய டிரஸ்டுகள் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்களாமே. அப்புறம் என்னுடைய பத்து ரூபாய் எதற்கு?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் அல்ல என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கேள்விக்கான பதிலே இந்தப் பாடம்.

1. திண்டிவனத்தில் ஓர் இரவு

நம்முடைய பழைய தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது. 1890களில், மிஷனெரி மருத்துவரான தன் தகப்பனாரோடு திண்டிவனத்தில் தங்கியிருந்தார் இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்க அந்தக் குடும்பங்களின் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவோ வைத்தியம் அறியாதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவர் இந்தியாவுக்குத் திரும்புமுன் நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்னும் வங்கியாளர், மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தத் தொகையில் எழுந்த பெண்கள் மருத்துவமனை 1902-ல் வேலூரில் திறக்கப்பட்டது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-ல் தொடங்கியது. அதன் முதல் அணியில் 14 பெண்கள் 1922-ல் படிப்பை முடித்தார்கள்.

2. மூன்றில் ஒரு பங்கு

பள்ளி வளர வளர அதற்குக் கட்டிடங்களும் படுக்கைகளும் ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள். அப்பொழுது ஆசியாவில் இவ்வாறு தவித்த பெண்கள் கல்லூரிகள் ஏழு இருந்தன. வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரி ஆகியவை இந்தியாவில் இருந்தவை. மற்றவை சீனாவிலும் ஜப்பானிலும் இருந்தன.

ஏழும் தனித்தனியே பணக்காரர்களின் வாசலில் போய் நின்றிருந்தால், ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்திருக்கும். லூசி பீபாடி என்னும் பாப்டிஸ்ட் சபை அம்மையார் முன்னின்று, பல சபைப் பிரிவுகளின் பெண்கள் சங்கங்களை ஒன்று சேர்த்தார். ஏழு கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே குரல், ஒரே கணக்கு என்றாயிற்று.

அவர்கள் அணுகியது லாரா ஸ்பெல்மன் ராக்கஃபெல்லர் நினைவு நிதி. ஜான் டி. ராக்கஃபெல்லர் தம் மனைவியின் நினைவாக 1918-ல் நிறுவிய அறக்கட்டளை அது. 10 லட்சம் டாலர் தருவதாக அந்த அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தது: குறிப்பிட்ட நாளுக்குள் பொதுமக்களிடமிருந்து 20 லட்சம் டாலர் திரட்டிக் காட்டவேண்டும்.

இன்று இதை 'மேட்சிங் கிராண்ட்' என்கிறோம். அறக்கட்டளை ஒன்று போடுமுன் மற்றவர்கள் இரண்டு போடவேண்டும். அமெரிக்கச் சபைகளின் பெண்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, ஆளுக்கு ஒரு டாலர் என்றும் கேட்டார்கள். ஐடா அம்மையாரும் மேடை மேடையாகப் பேசினார். 1923-ன் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது.

அந்த ஒற்றை டாலர்கள் வராதிருந்தால் 10 லட்சமும் வந்திராது. முந்திரி உடைக்கும் அம்மாவுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். பெரிய கொடையின் கதவைச் சிறிய காணிக்கைகளே திறந்தன. இந்த ஊழியத்தை நேசிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அறக்கட்டளை பார்க்கிறது. அந்த எண்ணிக்கையில் பத்து ரூபாய் கொடுத்தவரும் ஒருவர்.

3. வேதம் காட்டும் முறை

நெகேமியாவின் புத்தகத்தை இந்தக் கண்ணோடு வாசியுங்கள். எருசலேமின் இடிந்த அலங்கத்தைக் குறித்துக் கேள்விப்பட்டவர் உடனே ராஜாவிடம் ஓடவில்லை. மாதக்கணக்கில் உபவாசித்து ஜெபித்தார். ராஜா விசாரித்தபோது அவரிடம் ஆயத்தமான பதில் இருந்தது. எத்தனை காலம் ஆகும் என்று சொன்னார். எந்த அதிகாரிகளுக்குக் கடிதம் வேண்டும் என்று சொன்னார். கோட்டைக் கதவுகளுக்கு, அலங்கத்துக்கு, தாம் தங்கும் வீட்டுக்கு என்று மரம் வேண்டிய மூன்று வேலைகளையும் பிரித்துச் சொன்னார். நல்ல விண்ணப்பத்தில் இருக்கவேண்டிய தேவை, காலம், அளவு, அனுமதி எல்லாம் அதில் உண்டு. காரியம் வாய்த்தபோதோ, தேவனுடைய தயவுள்ள கரமே காரணம் என்றார்.

பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தையும் பாருங்கள். வாரத்தின் முதல்நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வைக்கச் சொன்னார். தரித்திரத்தில் இருந்த மக்கெதோனியாவின் சபைகள் கொடுத்ததைச் சொல்லி, வசதியுள்ள கொரிந்துவை ஏவினார். அந்தப் பணத்தைத் தாம் ஒருவராகவே எடுத்துச் செல்லாமல், சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைக் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் குற்றம் சாட்டப்படாதிருக்க வேண்டும் என்பதே அவர் கொடுத்த காரணம்.

4. இன்றைய நடைமுறை

மருத்துவக் கல்லூரியில் பல துறைகள் உண்டு. கண் துறைக்கு ஒரு கருவி வேண்டும், குழந்தைகள் பிரிவுக்குப் படுக்கைகள் வேண்டும், கிராம சுகாதாரத் துறைக்கு ஒரு வாகனம் வேண்டும். மூவரும் ஒரே அறக்கட்டளைக்கு ஒரே மாதத்தில் எழுதினால் மூவருக்கும் கிடைக்காமல் போகலாம். யார், யாருக்கு, எப்போது எழுதுவது என்று வரிசைப்படுத்த ஒரு பொறுப்பாளர் தேவை. அறிக்கை அனுப்பவேண்டிய நாட்களைக் குறித்துவைப்பதும் அவருடைய வேலைதான்.

சட்டமும் இந்த ஒழுங்கைக் கேட்கிறது. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக் கொடை முதலில் புது டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் பிரதான கிளைக் கணக்கில் வந்து சேரவேண்டும். அதை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. உள்நாட்டில், 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

அறக்கட்டளைகள் பெரும்பாலும் கட்டிடத்துக்கும் கருவிக்கும் கொடுக்கும். நர்சு அம்மாவின் சம்பளம், ஜெனரேட்டருக்கு டீசல், ஏழை நோயாளியின் மருந்துச்சீட்டு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் கொடுப்பது அரிது. அந்தப் பாரத்தைத் தாங்குவது உங்களைப் போன்றவர்களின் மாதக் காணிக்கையே.

5. ஓர் எச்சரிப்பு

நிபந்தனையோடு வரும் பணம் சில வேளை மனவேதனையையும் கொண்டுவரும். சென்னை மாகாண அரசு 1930களின் இறுதியில் பழைய டிப்ளமா படிப்பை நிறுத்தி, இனிப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்றது. வேலூர் மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதை எட்டிய ஐடா அம்மையார் மறுபடியும் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். ஆண் மாணவரையும் சேர்த்தால்தான் கல்லூரி நிலைக்கும் என்பது தெளிவானபோது, பெண்களுக்கென்று சேர்த்த பணத்தில் இது தகுமா என்று பழைய நண்பர்கள் சிலர் மனம் நொந்தார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. கொடுத்தவரின் நோக்கத்தை லேசாக எண்ணக் கூடாது. மாற்றம் தவிர்க்க முடியாததானால், கொடுத்தவரிடம் மறைக்காமல் எடுத்துச் சொல்லவேண்டும்.

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். 1950-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர இணைப்புக் கிடைத்தது. திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவுக்குக் கர்த்தர் கொடுத்த பதில், ஆயிரமாயிரம் பேரின் சிறு காசுகள் வழியாகவும் வந்தது.

அந்த அம்மாவை அடுத்த கூட்டத்தில் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் நான் நிறுத்தக் கூடாது" என்றார்.

சிந்திக்கவும் பேசவும்

1. நெகேமியா ராஜாவிடம் கேட்டவை எவை? நம் சபை உதவி கேட்கும்போது அவ்வளவு தெளிவாகக் கேட்கிறோமா?
2. பவுல் மற்றவர்களையும் கூட வைத்துக்கொண்டு பணத்தைக் கொண்டுசென்றது ஏன்? நம் காணிக்கைக் கணக்கை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?
3. ஒரு கொடையின் நிபந்தனை ஊழியத்தின் தேவைக்கு மாறாக வந்தால் என்ன செய்வீர்கள்?

ஜெபம்: கர்த்தாவே, கேட்கிறவர்களுக்கு உண்மையையும், கொடுக்கிறவர்களுக்கு மகிழ்ச்சியையும், பெறுகிறவர்களுக்குச் சுகத்தையும் தாரும். ஆமென்.