சம்பளத்தை விடுமுன் கணக்கைப் பாருங்கள்



"நானா, இந்தத் தொழிலை விட்டுப்போட்டு சொந்தமா ஒரு பிஸ்னஸ் தொடங்கலாம் என்று பார்க்கிறேன், என்ன சொல்றீங்க?" கடந்த சில வருடங்களாக என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் தொழில் இல்லாதவர்கள் அல்லர். வங்கியிலும் கணினி நிறுவனத்திலும் ஆடை ஏற்றுமதிக் கம்பனியிலும் கைநிறையச் சம்பளம் எடுப்பவர்கள். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருப்பவர்கள், கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் இருப்பவர்கள்.

அவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியது. எத்தனை பேருடைய சம்பளம் அந்தளவு ஏறியது? மாதம் முழுக்க உழைத்தும் கையில் மிஞ்சுவது இல்லையென்றால், "இன்னொருவருக்கு உழைப்பதை எனக்கே உழைத்தால் என்ன?" என்ற எண்ணம் வரத்தான் செய்யும்.

இப்பத்தியை வாசிக்கும் உங்களில் பலர் ஏற்கனவே கடை வைத்திருப்பவர்கள். ஆனாலும் இது உங்களுக்கும் உரிய விடயம். நாளை உங்கள் மகனோ, மருமகனோ, தம்பியோ இதே கேள்வியுடன் உங்களிடம்தான் வருவார். யோசனை கேட்டு மட்டுமல்ல, பங்குக்கு முதல் கேட்டும் வருவார். அப்போது சொல்லப் பயன்படும் சில கணக்குகளை இங்கே தருகிறேன்.

உண்மையான சம்பளம் எவ்வளவு?

ஓர் உதாரணத்துக்கு, மாதச் சம்பளம் 150,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தொழிலை விடும் இளைஞர் "வியாபாரத்தில் மாதம் ஒன்றரை இலட்சம் வந்தால் போதும்" என்று கணக்குப் போடுகிறார். இந்தக் கணக்கு பிழை.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி அவரது முதலாளி மாதாமாதம் 12 வீதத்தை, அதாவது 18,000 ரூபாவை, அவரின் பெயரில் தன் பங்காகச் செலுத்துகிறார். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்படி இன்னொரு 3 வீதம், அதாவது 4,500 ரூபா. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். அது வருடத்துக்கு 75,000, மாதத்துக்குப் பிரித்தால் 6,250 ரூபா.

எல்லாவற்றையும் கூட்டினால் அவரது உண்மையான மாத வருமானம் 178,750 ரூபா. வியாபாரத்தில் சகல செலவும் போக இந்தத் தொகை மிஞ்சினால்தான் அவர் பழைய நிலையிலாவது இருக்கிறார் என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு விடயங்கள். நான்கரை வருடம் வேலை செய்துவிட்டு அவசரப்பட்டு இராஜினாமாக் கடிதம் கொடுப்பவர் பணிக்கொடை உரிமையை இழக்கிறார். மேலே சொன்ன சம்பளத்தில் 5 வருடத்துக்கு அது 375,000 ரூபா. ஆறு மாதம் பொறுத்தால் கிடைக்கக்கூடிய முதல் அது. அடுத்தது, "ஈ.பி.எஃப். காசை எடுத்து முதலாகப் போடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்களுக்கு 55 வயதும் பெண்களுக்கு 50 வயதும் ஆகும் வரை, தொழிலை விட்டார் என்பதற்காக அப்பணம் கைக்கு வராது. நீண்டகால அங்கத்தவர்கள் வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு ஒரு பகுதியை எடுக்கலாம். வியாபாரம் தொடங்குவதற்கு இடமில்லை. ஈ.டி.எஃப். பணத்தைத் தொழிலை விட்டதும் எடுக்க முடியும், அதுவும் 5 வருடத்துக்கு ஒரு முறைதான்.

தோசை மாவில் ஒரு பாடம்

நல்ல சம்பளத்தை விட்டு வியாபாரத்துக்கு வந்தவர்களில் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் பி.சி. முஸ்தஃபா. கேரளாவின் வயநாட்டில் சென்னலோடு என்ற கிராமத்தில், கூலித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆறாம் வகுப்பில் பெயிலானவர். பின்னர் கோழிக்கோட்டில் பொறியியல் படித்து, மோட்டரோலாவிலும் துபாயில் சிட்டி பாங்கிலும் உயர் சம்பளத்தில் பணியாற்றினார். 2003இல் ஊர் திரும்பினார்.

அவரது உறவுமுறைச் சகோதரர்கள் பெங்களூரில் ஒரு பலசரக்குக் கடை நடத்தி வந்தார்கள். தோசை மா பொலித்தீன் பையில் ஊற்றி றப்பர் பட்டி போட்டு விற்கப்படுவதையும், அது சுத்தமாக இல்லை என்று வாங்குவோர் குறைப்படுவதையும் அவர்கள் கவனித்தார்கள். இதே சாமானைச் சுத்தமாகப் பொதி செய்து கொடுத்தால் என்ன? 2005இல் 50,000 இந்திய ரூபா முதலுடன், இரண்டு கிரைண்டர்கள், ஒரு மிக்ஸி, பை ஒட்டும் இயந்திரம் ஒன்றுடன் தொடங்கப்பட்டது ஐடி ஃப்ரெஷ். இன்று அதன் மாவும் பராட்டாவும் இந்தியாவின் பல நகரங்களிலும் வளைகுடாவிலும் விற்பனையாகின்றன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். வியாபாரி கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள பகுதியை.

முதலாவது, முஸ்தஃபா பட்டறையில் போட்டது சம்பளத்தில் சேமித்த காசு. வளைகுடாவில் உழைத்த வருடங்களை அவர் வீணான காலமாகக் கருதவில்லை. முதல் சேர்த்த காலமாக ஆக்கிக்கொண்டார். இரண்டாவது, தொடங்கிய நாளிலேயே அவர் முழுநேரமாக அதில் இறங்கவில்லை. கடையை அறிந்த சகோதரர்கள் வேலையைப் பார்த்தார்கள். அவர் பெங்களூர் ஐஐஎம்மில் முகாமைத்துவம் படித்தார். 2007இல் படிப்பு முடிந்த பிறகே தலைமைப் பொறுப்பை ஏற்றார். மூன்றாவது, நாளொன்றுக்கு 100 பக்கட் என்ற விற்பனையை எட்டுவதற்கு 9 மாதம் பிடித்தது. அந்த 100 பக்கட் நிலையாக விற்ற பின்தான் அடுத்த கட்ட முதலைப் போட்டார்.

இதைக் கொழும்புக்குப் பொருத்திப் பார்ப்போம். வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் தோசை மா பக்கட் வாங்கலாம். ஒருவர் அதே வியாபாரத்தில் இறங்குகிறார். அரிசி, உழுந்து, மின்சாரம், போக்குவரத்து, திரும்பி வரும் பழுது எல்லாம் போக பக்கட் ஒன்றில் 60 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். மேலே சொன்ன 178,750 ரூபாவை எடுக்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பக்கட் விற்க வேண்டும். அந்த நூறை எட்ட அவருக்கும் 9 மாதம் சென்றால்? வீட்டுச் செலவு மாதம் ஒரு இலட்சம் என்றால், 9 இலட்சம் ரூபா சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மட்டும் தேவை. இது கிரைண்டர் வாங்கும் முதல் அல்ல, காத்திருக்கும் முதல். நமது இளைஞர்கள் முதலாவதைக் கணக்குப் பார்க்கிறார்கள், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். சாமான் நல்லதாக இருந்தும், வாங்குவோர் பழகுவதற்கு முன்பே கையிருப்பு முடிந்து மூடப்படும் கடைகள் நமது கண்முன்னே எத்தனை!

முதலாளி மாறினால் விடுதலையா?

காத்திருக்கும் முதல் இல்லாதவர் என்ன செய்கிறார்? வட்டிக்கு எடுக்கிறார். இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம் வருகிறது. தொழிலை விட்டவுடன் ஒருவர் சுதந்திரமானவர் ஆகிவிடுவதில்லை. கடன் இல்லாமல் அடுத்த மாதத்தைக் கடத்த முடிந்தவரே பொருளாதாரத்தில் சுதந்திரமானவர். சம்பளம் தந்த முதலாளியை விட்டு, தவணை கேட்கும் முதலாளியிடம் போய் மாட்டிக்கொள்வது விடுதலை அல்ல.

வட்டி ஹராம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் உலகக் கணக்கையும் பாருங்கள். 2022 ஜனவரியில் மத்திய வங்கியின் கடன் வசதி வட்டி வீதம் 6.5 ஆக இருந்தது. அதே வருடம் ஜூலையில் அது 15.5 ஆனது. வர்த்தக வங்கிகள் வியாபாரிகளிடம் எடுத்த வட்டி அதற்கும் மேல். மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவரின் தவணை அரை வருடத்தில் தலைகீழானது. அவரது கடையில் சாமான் விலை ஏறி, வாங்க வரும் கூட்டம் குறைந்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

முஸ்தஃபா ஆரம்ப வருடங்களில் மார்க்கக் காரணத்தால் வட்டிக் கடன் எடுக்கவில்லை என்று பேட்டிகளில் கூறியிருக்கிறார். வியாபாரம் பெரிதானபோது பங்கு விற்றே முதல் திரட்டினார்: 2014இல் ஹீலியன் நிறுவனம் 35 கோடி இந்திய ரூபாவும், 2017இல் பிரேம்ஜி இன்வெஸ்ட் 170 கோடியும் முதலிட்டன. இதற்கும் விலை உண்டு. பங்காளிக்குக் கணக்குக் காட்ட வேண்டும், இலாபத்தைப் பிரிக்க வேண்டும். ஆனால் நட்டம் வந்தால் பங்காளியும் சேர்ந்தே தாங்குகிறார். கடன் கொடுத்தவர் தாங்குவதில்லை. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னர் கதீஜா (ரழி) அவர்களின் முதலில் வியாபாரம் செய்ததும் இந்த அடிப்படையில்தான். நமது நாட்டிலும் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, இலாப நட்டப் பகிர்வு முறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. ஆகவே "வேறு வழி இல்லை" என்று சொல்ல முடியாது.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்களின் சம்பவம் நாம் அனைவரும் அறிந்தது. வெறுங்கையுடன் மதீனா வந்த அவருக்கு ஸஃத் பின் ரபீஃ (ரழி) அவர்கள் தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர் பரகத்துக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று ஆரம்பித்தார். சிறிதாகத் தொடங்கினார், சந்தையை நேரில் பார்த்துத் தொடங்கினார், கடன்படாமல் தொடங்கினார். மூன்றும் இன்றைக்கும் பொருந்தும்.

கடைக்காரரை மட்டும் தாக்கும் ஆபத்துகள்

சம்பளக்காரருக்கு வராத சில சோதனைகள் வியாபாரிக்கு வரும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் நம்மவர் ஒருவரின் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி பரப்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரிந்தது. ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தையும் 2021இல் அப்படியொரு வதந்தி தாக்கியது. மாவில் மாட்டெலும்பு கலப்பதாக வட்ஸ்அப்பில் பரப்பினார்கள். நிறுவனம் மறுத்து முறைப்பாடு செய்தது.

கொழும்பு வியாபாரிகள் 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலுக்குப் பிந்திய பகிஷ்கரிப்பையும், 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கையும், 2022இன் டொலர், எரிவாயு, டீசல் நெருக்கடியையும் நான்கு வருடத்துக்குள் கண்டார்கள். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவற்றைத் தாங்கி நின்ற கடைகளைப் பாருங்கள். பெரும்பாலும் கடன் குறைந்தவர்களும், வாடிக்கையாளரின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்களும்தான் நின்றார்கள்.

எப்போது விடலாம்?

தொழிலை விடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்தில் பரகத் இருக்கிறது. அதனால் வளர்ந்த சமூகம் நாம். பின்வருவன சரியாக இருந்தால் துணிந்து இறங்கலாம்.

1. மாலை நேரத்திலும் விடுமுறையிலும் சிறிதாகத் தொடங்கி, குறைந்தது ஆறு மாதமாவது விற்றுப் பார்த்திருக்க வேண்டும். உறவினர் வாங்கியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்பின் தெரியாதவர் இரண்டாம் முறை திரும்பி வந்து வாங்கினாரா என்பதே கேள்வி.

2. வியாபார முதலுக்குப் புறம்பாக, 9 மாதம் தொடக்கம் ஒரு வருடம் வரையான வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். பெண்சாதி பிள்ளைகளைப் பராமரிப்பது நம்மீது கடமை. அதைப் பணயம் வைத்து வியாபாரம் செய்ய நமக்கு உரிமை இல்லை. வீட்டாரிடம் மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள்.

3. பங்காளி இருந்தால், சகோதரராக இருந்தாலும், யார் எவ்வளவு போட்டார், இலாபம் எப்படிப் பிரியும், விலகினால் என்ன என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

4. வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள், மாநகர சபை அனுமதிப்பத்திரத்தை எடுங்கள். வீட்டுக் காசையும் கடைக் காசையும் வேறாக வைத்து, உங்களுக்கும் ஒரு சம்பளம் குறித்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பதெல்லாம் இலாபம் அல்ல.

5. பழைய முதலாளியிடம் முறையாக அறிவித்தல் கொடுத்து, பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு வெளியேறுங்கள். அவரது வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து வருவது அமானிதத்துக்கு மோசம் செய்வது. அப்படித் தொடங்கும் கடையில் பரகத்தை எதிர்பார்க்க முடியாது.

முதல் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஐந்தையும் செய்துவிட்டு ஓர் இளைஞர் உங்களிடம் வந்தால், கைமாற்றுக் கடன் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பங்காளியாக அவருடன் சேருங்கள். உங்கள் அனுபவமும் அவரது உழைப்பும் ஒன்று சேர்ந்தால், வட்டிக்காரரின் படியேறும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவர்களாவீர்கள்.

அல்லாஹ் நம் அனைவரது சம்பாத்தியத்தையும் ஹலாலானதாக ஆக்கி, அதில் பரகத் செய்வானாக! ஆமீன்.