எமோஜித் தரவும் கோப்புச் சுருக்கமும்

எமோஜி என்பது ஜப்பானியச் சொல். 'எ' படத்தையும் 'மோஜி' எழுத்தையும் குறிக்கும். ஆங்கில 'எமோஷன்' என்னும் சொல்லோடு இதற்கு உறவில்லை. ஒலி ஒப்புமை தற்செயலானதே. படமென நாம் கருதும் இது கணினிக்கு எழுத்தே என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். 2010இல் வெளிவந்த யூனிகோடு 6.0 பதிப்பில் எமோஜிகள் பெருந்தொகையாக இடம்பெற்றன. 2024ஆம் ஆண்டின் 16.0 பதிப்பின்படி அவற்றின் தொகை 3790 ஆகும்.

இவை அனைத்தையும் குறியெண், பெயர், தேடுசொல், வகை ஆகியவற்றோடு ஒரே கோப்பில் அடுக்கின் அது பெருத்துவிடும். அச்சுமையைக் கைப்பேசி இறக்கியாக வேண்டும். மலிவான கருவியும் மெதுவான இணைப்பும் உடையோர்க்கே இதனால் இடர் மிகுதி.

சுருக்கும் வழி எழுத்திலக்கணம் பயின்றோர்க்குப் புதிதன்று. தமிழில் உயிர்மெய் 216 இருப்பினும் யூனிகோடு அவற்றுக்குத் தனித்தனி இடம் தரவில்லை; 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்ததே. எமோஜியின் தோல்நிறக் குறிகள் ஐந்தும் 2015இல் இவ்வாறே அமைக்கப்பெற்றன. கையசைக்கும் எமோஜிக்கு ஐந்து நிற வரிகள் எழுத வேண்டுவதில்லை. 'நிறம் ஏற்கும்' என்னும் ஓர் அடையாளம் போதும். எஞ்சியதை நிரலே புணர்த்திக்கொள்ளும். பெற்றோரும் மகளும் மகனும் அடங்கிய குடும்பப் படமோ நான்கு எமோஜிகளும் கண்ணுக்குப் புலனாகாத மூன்று இணைப்பான்களும் சேர்ந்தது. யூடிஎஃப்-8 முறையில் 25 பைட்டு.

விதி உள்ளவிடத்து விதிவிலக்கும் உண்டு. கைகுலுக்கும் எமோஜியில் இரு கைகளும் ஒருநிறமாயின் மேற்கண்ட விதி பொருந்தும். நிறம் வேறுபடின், 2021இன் 14.0 பதிப்புப்படி, வலம் நோக்கிய கை, இடம் நோக்கிய கை என்னும் வேறிரு எமோஜிகளை இணைத்தல் வேண்டும். அடிப்படைக் குறியெண்ணே அங்குக் காணாமற் போகிறது! இத்தகைய 20 வடிவங்களையும் தனிப்பட்டியலில் வைப்பதே முறை.

வகைப்பெயரை வரிதோறும் எழுதாது எண்ணால் குறிப்பதும் வழக்கு. தொகுதிப் பெயரை ஒருமுறை கூறி அதன்கீழ்ச் சொற்களை அடுக்கும் திவாகர நிகண்டின் நெறி நமக்கு நினைவுக்கு வருகிறது. பெயரும் தேடுசொல்லும் மொழிதோறும் வேறுபடுவன. யூனிகோடின் சிஎல்டிஆர் களஞ்சியத்தில் அவை தமிழிலும் உள்ளன. அவற்றை மொழிவாரியாகப் பிரித்தால், பயனர் தம் மொழிக் கோப்பை மட்டும் பெறலாம். எமோஜிபேஸ் என்னும் திறமூலத் திட்டம் இவ்வாறு பிரிப்பதோடு சுருக்க வடிவத்தையும் தனியே தருகிறது.

சுருக்கம் கருதித் தேடுசொற்களையே வெட்டுவாரும் உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. முக்காடிட்ட பெண்ணின் எமோஜி, ஜெர்மனியில் வாழ்ந்த ரயூஃப் அல்ஹுமைதி என்னும் சவூதி மாணவியின் முன்மொழிவால் 2017இல் இடம்பெற்றது. அது யூனிகோடில் இருந்தும், தமிழில் தேடும் நம் மாணவிக்குக் கோப்பில் அச்சொல் இல்லையெனில் படமும் இல்லாததே. 'முக்காடு' என்பது எட்டுக் குறியெண்களால் ஆன சொல், 24 பைட்டு. மேற்சொன்ன குடும்பப் படத்தினும் ஒரு பைட்டு குறைவு.