கோடையில் குளத்து மீன்: பிடிக்க வேண்டியதும் விட்டுவைக்க வேண்டியதும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

சித்திரை, வைகாசி மாதங்களில் கொங்கு நாட்டுக் குளங்கள் வற்றத் தொடங்கும்போது கரையோரத்து ஊர்களில் மீன் மலியும். குறைந்த நீரில் மீன் எளிதிற் பிடிபடுமாதலால், அவ்விரு மாதங்களையும் மீன் அறுவடைக்குரிய காலமென ஜனங்கள் கருதுவது இயல்பே. ஆயினும், பல மாதம் வளர்ந்த மீன் ஒரே இரவில் செத்து மிதப்பதும், அடுத்த ஆண்டுக்கு வித்தாக வேண்டிய மீன் ஒன்றுவிடாமல் அரித்தெடுக்கப்படுவதும் இதே காலத்தில்தான். முன்னது அந்த ஆண்டின் நஷ்டம்; பின்னது பல ஆண்டுகளின் நஷ்டம். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்குக் குளத்தின் மீன்பாசி உரிமையைக் குத்தகைக்கு எடுக்கும் சங்கங்கள் செய்ய வேண்டியது யாதென்பதே இப்பாடத்தின் விஷயம்.

1. சோமனூர்ப் பக்கத்துக் குளங்களின் தன்மை

சோமனூர் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர், மீனுக்கன்று. எனினும், அதற்கு அணித்தே நொய்யல் ஆறு ஓடுகிறது. சூலூர்க் குளங்களும் சாமளாபுரம் குளமும் அவ்வாற்று நீரை நம்பியவை. வெள்ளியங்கிரி மலையில் உற்பத்தியாகும் நொய்யல், கோயமுத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே சென்று, கரூர் ஜில்லாவில் காவிரியுடன் கலக்கிறது. முன்னோர் அதன் குறுக்கே அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, குளங்களைத் தொடராக நிரப்பினர்.

இக்குளங்களுக்குத் தென்மேற்குப் பருவ மழையின்போது மலைச்சரிவிலிருந்தும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழையாலும் நீர் வரும். தை மாதத்திற்குப் பின் வரத்து அருகி, செலவு மட்டும் நிற்கும். கோடையில் வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீரைக் குடித்தாலும், 60 நாளில் ஏறக்குறைய ஓரடி நீர் மறைந்துவிடும். பாசனத்திற்கு விடுவதும், மண்ணில் ஊறுவதும் இதற்கு மேற்பட்டவை.

ஓர் உதாரணத்தால் இதன் விளைவை அறியலாம். 20 ஹெக்டேர் பரப்பில் சராசரி 2 மீட்டர் ஆழம் நிற்கும் குளத்தில் 4,00,000 கனமீட்டர் நீர் இருக்கும். கோடையில் அது 2 ஹெக்டேர் பரப்பில் 1 மீட்டர் ஆழமாகச் சுருங்கினால், எஞ்சுவது 20,000 கனமீட்டர். பிடிக்காமல் விட்ட மீன் யாவும் முன்னிருந்த நீரில் இருபதில் ஒரு பங்கில் நெருங்கி வாழ நேரிடும். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் இருபது குடும்பம் குடியேறியது போன்றது அந்நிலை.

2. விடியற்காலத்து மரணம்

மீனும் பிராணவாயுவைச் சுவாசித்தே உயிர் வாழ்கிறது. நீரில் கரைந்துள்ள வாயுவையே அது செவுள்களால் பிரித்தெடுக்கிறது. நீர் சூடேறச் சூடேற அவ்வாயு கரையும் அளவு குறைகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும்; 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே ஏற்கும். கெண்டை இன மீன்கள் நலமாயிருக்க 5 மில்லிகிராமாவது வேண்டும். ஆகவே கோடையில் இருப்பு குறைகிறது. வெப்பத்தால் மீனின் தேவையோ கூடுகிறது.

பச்சை நிறமாகக் காணும் நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் நிறைந்திருக்கும். அவை பகலில் சூரிய ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ தாமே அதைச் சுவாசிக்கும். மாலையில் மிகுந்திருக்கும் வாயு இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து, சூரியோதயத்திற்குச் சற்று முன்பு மிகத் தாழ்ந்த அளவை அடையும். மீன் சாவது பெரும்பாலும் அந்நேரத்தில்தான். காலையில் கரைக்கு வருவோர் செத்த மீனைக் கண்டு, யாரோ விஷமிட்டார் என்று சந்தேகித்து அண்டை ஊராருடன் பகை கொள்வதுண்டு. பல சமயம் பகைவர் வேறெவருமல்லர், குளத்தின் நிலைமையே.

கோயமுத்தூர் நகரத்துக் கழிவு நீர் நொய்யலில் கலப்பதால், அவ்வாற்றை நம்பிய குளங்களுக்கு இவ்வபாயம் அதிகம். கழிவு நீர் பாசிக்கு உரமாவதுடன், அழுகும்போது பிராணவாயுவையும் உறிஞ்சும். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடினால் ஒளியும் காற்றும் தடைப்படும். இத்தகைய குளத்தின் மீன் உணவுக்கு ஏற்றதா என்பதை மீன்வள இலாகாவின் மூலம் பரிசோதித்து அறிந்த பின்னரே சங்கம் குத்தகைக்கு முற்படுதல் நலம்.

கோடை மழை பெய்த மறுநாட் காலையில் மிகுந்த விழிப்பு வேண்டும். மேகமூட்டத்தால் முதல்நாள் பாசி போதிய வாயுவை உண்டாக்கியிராது. குளிர்ந்த மழைநீர் கீழிறங்கி அடிச்சேற்றைக் கலக்கும். காய்ந்த கரைகளிலிருந்து சாணமும் சருகும் அடித்து வரப்பட்டு நீரில் அழுகும். மழை வந்ததென்று உழவர் மகிழும் அதே இரவில் மீன் மூச்சுத் திணறக்கூடும்.

இதை முன்கூட்டி அறியக் கருவி அவசியமில்லை. முழங்கை வரை கையை நீரில் நுழைத்துப் பார்க்கையில் உள்ளங்கை தெரியாமற் போனால், பாசி மிஞ்சியதென்று ஐயுறலாம். சேற்றுக் கலங்கலாயின் இச்சோதனை செல்லாது. விடியுமுன் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின் அபாயம் நெருங்கிவிட்டது. அப்பொழுது இரையும் எருவும் இடுவதை உடனே நிறுத்த வேண்டும். குளத்து நீரையே பம்பினால் இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி செய்தால் காற்றிலுள்ள வாயு நீரில் கலக்கும். அந்நேரத்தில் இழுவலை போட்டுச் சேற்றைக் கலக்குவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். செத்த மீனை அப்புறப்படுத்திப் புதைக்க வேண்டும், விற்றலாகாது.

இவையெல்லாம் ஆபத்துக்கால உபாயங்களே. மெய்யான பரிகாரம், நீர் சுருங்குவதற்கு முன்னரே மீனைக் குறைப்பதுதான். மாசி, பங்குனி முதலே பெரிய மீனைத் தவணை தவணையாகப் பிடித்து விற்று வந்தால், எஞ்சிய மீனுக்கு இடமும் வாயுவும் கிடைக்கும். சங்கத்திற்கும் முதலீடு முன்னதாகத் திரும்பும்.

3. கடலுக்குக் காவல் உண்டு, குளத்திற்கு இல்லை

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கடலுக்குச் செல்லலாகாதென விதியுண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் அளிப்பது அதன் நோக்கம். 2001இல் 45 நாட்களுக்கு ஏற்பட்ட இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மேற்குக் கடலில் ஜூன், ஜூலை மாதங்கள் தடைக்காலமாகும்.

இவ்விதி கடலிலிருந்து வெகு தூரத்திலுள்ள சோமனூரையும் தொடுகிறது. தடைக்காலத்தில் கோயமுத்தூர்ச் சந்தைக்குக் கடல் மீன் வரத்துக் குறைந்து, விலை ஏறும். குளத்து மீனை நாடுவோர் பெருகுவர். சங்கத்திற்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் அவ்விலையே, குளத்தைக் கடைசி மீன் வரை அரித்துவிடவும் தூண்டும். கடலில் வித்தைக் காக்கச் சர்க்கார் விதி நிற்கிறது. குளத்தில் அக்காவல் குத்தகைதாரரின் அறிவையே சார்ந்தது.

4. எதைப் பிடிப்பது, எதை விடுவது

குளத்து மீன்களை இவ்விஷயத்தில் இரு வகையாகப் பிரிக்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஒரு வகை. இவை வட இந்தியாவின் பெரிய ஆறுகளுக்கு உரியவை. ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்து நீரில் இனம் பெருக்குவதில்லை. முற்காலத்தில் இவற்றின் குஞ்சுகளை ஆறுகளிலிருந்தே சேகரித்தனர். 1957 ஜூலை 10இல் ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சவுதுரி என்னும் விஞ்ஞானியும் அவர் துணைவரும் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாற் செலுத்தி இவ்வினத்தை முட்டையிடச் செய்தனர். அதன் பயனாகவே இன்று பொரிப்பகங்களில் குஞ்சு கிடைக்கிறது. இம்மீனைக் குளத்தில் விட்டுவைப்பதால் அடுத்த ஆண்டுக்கு விருத்தி இல்லை. ஆகையால் நீர் வற்றுமுன் இவை அனைத்தையும் பிடித்து விற்றுவிடலாம்.

விரால், குரவை, கெளுத்தி, ஆரால், அயிரை, சிறு கெண்டை முதலியவை மற்றொரு வகை.  புது நீர் வந்ததும் தாமே பெருகுபவை. விராலும் குரவையும் காற்றை நேரே சுவாசிக்க வல்லவையாதலால், பிற மீன் மடியும் கலங்கல் நீரிலும் பிழைத்திருக்கும். விரால் தன் குஞ்சுக் கூட்டத்தை அருகிலிருந்து காக்கும். தாய் மீனைப் பிடித்தால் காவலிழந்த குஞ்சுகள் பிற மீனுக்கு இரையாகும். குளத்தின் ஆழமான மடுவில் இவ்வினங்களை ஒரு பகுதி விட்டுவைத்தால் அடுத்த பருவத்திற்கு வித்து உண்டு. அம்மடுவையும் இறைத்துப் பிடித்தால் வித்து இல்லை.

இதில் ஓர் ஆட்சேபம் எழலாம். எஞ்சும் விரால், பின்னர் விடப்படும் கட்லா, ரோகுக் குஞ்சுகளைத் தின்னுமே என்பர். அது மெய். அதற்குப் பரிகாரம், மிகச் சிறு குஞ்சுகளை விடாமல், 10 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குறையாமல் வளர்ந்தவற்றை விடுவதாகும். விலை சற்றுக் கூடினாலும் பிழைப்பவை அதிகம். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா என்னும் ஜிலேபி மீனோ தானே மிதமிஞ்சிப் பெருகிப் பிறவற்றின் இரையைக் கவரும். அதை எக்காலத்தும் தாராளமாகப் பிடிக்கலாம்.

புது வெள்ளம் வாய்க்காலில் வரும்போது முட்டை நிறைந்த மீன் அதை எதிர்த்து ஏறும். மதகடியிலும் வாய்க்கால் வாயிலும் பறி வைத்து அவற்றைப் பிடிப்பதும், கொசுவலையால் குஞ்சுகளை வாருவதும் பெருங்கேடு. வெடியும் விஷமும் இட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமே விலக்கியுள்ளது.

5. குத்தகையும் குளமும்

மடுவை விட்டுவைக்க மனமிருந்தும் இயலாமற்போவதற்குக் குத்தகை முறையே பல இடங்களிற் காரணமாகிறது. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவது. பசலிக் கணக்கில் விடப்படும் குத்தகை, குளம் மிகவும் வற்றியிருக்கும் கோடையின் இறுதியில் தீருகிறது. அடுத்த ஏலம் தனக்குக் கிடைக்குமோ என்ற ஐயமுள்ள தனி மனிதர், பிறருக்காக ஒரு மீனையும் விட்டுவைக்க மாட்டார். மீன் பிடிக்க வசதியாக மதகைத் திறந்து நீரை வடித்துவிட முயல்வதும் உண்டு. அதனால் ஆயக்கட்டுக் குடியானவருக்கும் கால்நடைக்கும் நீர் போய், ஊரில் சச்சரவு விளையும்.

சங்கத்தின் நிலை வேறு. தனி மனிதர் ஓராண்டுக்கு எண்ணுவார். சங்கமோ தலைமுறைக்கு எண்ணத்தக்கது. ஆகையால் சங்கம் பல ஆண்டுக் குத்தகை கோரி மனுச் செய்வதும், ஆயக்கட்டுதாரருடன் முன்பே கலந்து, இன்ன அளவுக்குக் கீழ் நீரை இறக்குவதில்லை என்றும், இன்ன மடுவில் வலை போடுவதில்லை என்றும் தீர்மானம் நிறைவேற்றுவதும் அவசியம். அத்தீர்மானத்தை மடுவின் கரையில் எல்லைக்கல் நட்டு யாவரும் அறியச் செய்ய வேண்டும்.

ஐக்கிய இயக்கத்திற்கும் மீன் தொழிலுக்கும் சென்னை ராஜதானியில் வழிகாட்டியவர் ஒருவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. கோயமுத்தூர் ஜில்லா மானுவலை 1887இல் தொகுத்த பிரெடரிக் நிக்கல்ஸன், 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமது அறிக்கையில் கிராம நாணய சங்கங்களை வற்புறுத்தினார். 1904இல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தது. அவரே பின்னர் ராஜதானியின் மீன் தொழிலை ஆராய்ந்து, 1907இல் அதற்கெனத் தனி இலாகா ஏற்படக் காரணராயிருந்தார்.

நாணய சங்கத்தில் நிகர லாபம் முழுவதையும் அங்கத்தினர் பங்கிட்டுக்கொள்வதில்லை; ஒரு பகுதி ரிசர்வ் நிதியிற் சேர வேண்டும் என்பது விதி. எந்த அங்கத்தினரும் அதைத் தம் பங்கு பறிபோனதாகக் கருதுவதில்லை. வற்றிய குளத்தின் மடுவில் நீந்தும் சில நூறு விராலும் கெளுத்தியும் குளத்தின் ரிசர்வ் நிதியே. அதைத் தொடாத சங்கத்திற்கு, புது வெள்ளம் வந்ததும் அவை ஆயிரமாயிரமாய்ப் பெருகிக் கைம்மாறு செய்யும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. குளத்தில் கோடையிலும் வற்றாத மடு எது? அதன் ஆழம் வைகாசியில் எவ்வளவு?
2. கோடை மழை பெய்த மறுநாள் விடியுமுன் குளத்தைப் பார்த்து வரும் பொறுப்பு யாருடையது?
3. வளர்ப்பு மீனில் எத்தனை பங்கு பங்குனிக்குள் விற்கப்பட்டது? எஞ்சியதற்கு நீர் போதுமா?
4. மடுவில் வலை போடலாகாதென்ற தீர்மானம் எழுத்தில் உள்ளதா? ஆயக்கட்டுதாரர் அதற்கு இசைந்துள்ளனரா?